தவளைக்கு விளக்குத் திருப்பியது

மார்ச் 3

வாலுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டுமாம். நீ நலம் என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா உன்னோடு போனில் கத்துவது கீழே என் தையல் கடை வரைக்கும் கேட்கிறது. நான் ஏன் போனை வாங்கிப் பேசுவதில்லை என்பது உனக்கும் தெரியும். நாம் இரண்டு பேரும் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் யாராவது ஒருத்தி பட்டென்று வைத்துவிடுவாள். கடிதம் என்றால் எழுதியதை அடிக்கலாம். இதுவே இரண்டு தாள் கிழித்த பிறகு எழுதுவது.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் தவளைக் காரைச் சோதனைக்கு ஓட்டிப் போனேன். ஃபெயில்.

பிரேக் சரி, டயர் சரி, புகை சரி. விளக்கில்தான் மாட்டிக்கொண்டேன். இப்போது ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். சக்கரம் வைத்த பெட்டி. அதை விளக்குக்கு முன்னால் தள்ளி நிறுத்தி, உள்ளே விழும் வெளிச்சத்தைப் பார்க்கிறார்கள். அப்பா காலத்தில் விளக்கு எரிகிறதா என்று பார்த்ததோடு சரி. சோதனைக்காரர் பெட்டிக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இது, விளக்கா வாணவேடிக்கையா? எதிர்ல வர்றவன் கண்ணு என்னாகும்?" என்றார். பின்னால் வரிசையில் நின்ற லாரிக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

எல்லாம் நீ ஆசையாகப் போட்ட வெள்ளை எல்.இ.டி. பல்பின் கைங்கரியம்.

பழைய வண்டிகளுக்கு மூன்று தடவைதான் அனுமதி. மூன்றாவது தடவையும் தேறாவிட்டால் நம்பரை ரத்து செய்துவிடுவார்கள். பிறகு அது பழைய இரும்புக் கடைக்குத்தான் போக முடியும். அப்பா இரும்புக் கடையிலிருந்துதான் அதை மீட்டு வந்தார். மறுபடியும் அங்கேயே கொண்டுபோய்ச் சேர்க்கிற புண்ணியம் எனக்கு வேண்டாம்.

அந்தப் பல்பை உடையாமல் கழற்றுவது எப்படி என்று மட்டும் எழுது. அப்பா போட்டிருந்த மஞ்சள் பல்புகளைத்தான் நீ குப்பையில் போட்டுவிட்டாய். அதே மாதிரி எங்கே கிடைக்கும் என்பதையும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்துவிட்டேன். உறையைப் பிரித்தால் பல்பு. உன்னைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு கடிதம் எழுத மாட்டார்கள்.

முதலில் ஒன்று. அப்பாவின் பல்புகளை நான் குப்பையில் போடவில்லை. அன்றைக்கே சொல்ல வாயெடுத்தேன். நீ விட்டால்தானே! மாடி அறை அலமாரிக்கு மேலே அப்பாவின் ஷூ வந்த அட்டைப்பெட்டி இருக்கிறது. அதற்குள் பஞ்சு சுற்றி வைத்திருக்கிறேன். போய்ப் பார்.

உன் பிறந்தநாளுக்கு என்றுதான் அந்த வெள்ளை பல்பைப் போட்டேன். பொழுது சாய்ந்தால் ஒன்றும் தெரியவில்லை என்று நீதான் புலம்பிக்கொண்டிருந்தாய். அதற்கு நீ எல்லோர் முன்னாலும் சொன்னது, "அப்பாவோட எதையும் தொடாதே. அவர் கடைசி மாசம் படுக்கையில கெடந்தப்போ நீ எங்க இருந்தே?" நான் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன், அக்கா. வர வேண்டாம் என்று சொன்னது அப்பாதான். சரி, விடு. வேறு எதுவும் எழுதக் கட்டாயமில்லை என்று நீயே சொல்லிவிட்டாய்.

இப்போது நான் வேலை பார்க்கிற இடமே விளக்குச் சோதனை அறைதான். சுவர், கூரை, தரை எல்லாம் கறுப்பு. நாள் முழுக்க ஒரு விளக்கு எரியும், நான் அதன் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று அளப்பேன். அதனால் இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் மரியாதையோடு கேள்.

தவளையின் விளக்குக் கிண்ணம் மஞ்சள் பல்புக்காகச் செய்தது. பல்புக்குள் இருக்கிற கம்பி ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருந்தால்தான் கிண்ணம் வெளிச்சத்தைச் சேர்த்து அனுப்பும். எல்.இ.டி.யில் ஒளி வருகிற இடம் வேறு. அதனால் நாலாபக்கமும் சிதறுகிறது. பின்னால் இருக்கும் ரப்பர் மூடியை உருவி, கம்பிக் கொக்கியை அழுத்தி விடு, பல்பு கையோடு வந்துவிடும். பழையதைப் போடும்போது கண்ணாடியை விரலால் தொடாதே.

அடுத்து, மஞ்சள் பல்பு மங்கல் என்பது பழி. மின்சாரம் பாட்டரியில் கிளம்பி, ஸ்டியரிங் பக்கத்து சுவிட்சுக்குள் நுழைந்து, ஊரைச் சுற்றி நூல் மாதிரி வயரில் விளக்குக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. ஒரு ரிலே வாங்கு, தீப்பெட்டி அளவுதான் இருக்கும். பாட்டரியிலிருந்து தடிமனான வயரை ரிலே வழியாக நேரே விளக்குக்கு இழு. பழைய சுவிட்சு ரிலேயை உசுப்பிவிட்டால் போதும். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தவளுக்கு இது ஒரு வேலையே இல்லை. படம் வரைந்து வைத்திருக்கிறேன்.

கடைசியாக, விளக்கைத் திருப்புவது. எந்த மெக்கானிக்கிடமும் கொடுக்காதே. ஜீப்புக்குத் திருப்புகிற மாதிரி திருப்பிவிடுவான். ஜீப்பின் விளக்கு நம் இடுப்பு உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு குனிந்தாலும் தூரம் போகும். தவளையின் விளக்கு முழங்காலுக்குச் சற்று மேலேதான். கொஞ்சம் கூடுதலாகக் குனிந்தாலும் மூக்குக்கு முன்னாலேயே தரையில் முட்டிக்கொள்ளும். சமதரையில் சுவரைப் பார்த்து நிறுத்து. விளக்கின் நடு உயரத்தை அளந்து சுவரில் கோடு போடு. அதற்கு மூன்று விரற்கடை கீழே இன்னொரு கோடு. டிம் வெளிச்சத்தின் மேல் ஓரம் அந்தக் கீழ்க்கோட்டில் உட்கார வேண்டும். ஓட்டுகிறவர் இருக்கையில் உன் எடைக்கு ஏதாவது வை, நீ வெளியே நின்று திருகப் போகிறாய் அல்லவா.

வாலு


ஏப்ரல் 2

வாலுக்கு,

பெட்டி இருந்தது. பஞ்சும் இருந்தது. சரி.

மற்றதைக் கேள். நீ வரைந்த படத்தைப் பார்த்து ரிலே போட்டேன். கடையில் தைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை மொத்தமும் அப்படியே கிடக்கிறது. வயரை வளைவுகளில் இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்டினேன், கைக்குழிக்குத் துணி விடுவது போல. நீ அதை எழுதவில்லை, நானே யோசித்துச் செய்தது.

கடைக்குப் பின்னால் இருக்கிற நீளக் கூடம் சமதரை. கடைசிச் சுவர் பாசி படிந்து கறுத்திருந்ததால் ஒரு வெள்ளைத் திரைத்துணியை இழுத்து ஆணி அடித்து மாட்டினேன். துணி வெட்டக் கோடு போடும் நீலச் சாக்கில் இரண்டு கோடு. என் இருக்கையில் என் எடைக்குத் துணிக்கட்டு, அதான் பேல், அடுக்கினேன். என் எடை என்ன என்று கேட்காதே. பேல் நிறையவே வேண்டியிருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் ஷட்டரை இறக்கிவிட்டு சுவிட்சைப் போட்டேன். தவளைக் கண் மாதிரி இடது விளக்கு மூடியோடு டக்கென்று எழுந்தது. வலது மூடி வழக்கம்போல ஒரு கணம் யோசித்துவிட்டு எழுந்தது. அம்மா, "பாரு, இன்னும் அந்தக் கண்ணுக்குத் தூக்கம் தெளியலை" என்றாள். அப்பா சொல்கிற அதே சொல்.

வெளிச்சம் திரைத்துணியில் விழுந்ததும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது. வாலு, நான் அதை மறந்தே போயிருந்தேன். அந்த மஞ்சள்! நீ கைக்குழந்தையாக இருந்தபோது டிப்போவிலிருந்து அப்பா வந்ததும் நாம் நாலு பேரும் ஒரு சுற்றுப் போவோம். நாள் முழுக்கப் பஸ்ஸில் அத்தனை உயரத்தில் உட்கார்ந்து ஓட்டுகிற மனுஷனுக்கு, மாலையில் தரையோடு தரையாகப் போக வேண்டும் என்று ஓர் ஆசை. நான் இருக்கைகளுக்குப் பின்னால் சாமான் வைக்கிற பலகையில் சுருண்டு கிடப்பேன். நீ அம்மா மடியில். ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு கல்லும் என் முதுகுக்குத் தெரியும். அப்பாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தால் அந்த மஞ்சள் வெளிச்சம் ஓடிக்கொண்டே இருக்கும். நாம் துரத்துவோம், பிடிபடாது. அந்தப் பலகையில் இப்போது என் ஒரு கால்கூட நுழையாது.

திருகைத் திருப்பி வெளிச்சத்தின் ஓரத்தைக் கோட்டில் உட்கார வைத்தேன். மடித்துத் தைத்த விளிம்பு மாதிரி நிற்கிறது. திங்கட்கிழமை சோதனைக்குப் போகிறேன்.

அக்கா


ஏப்ரல் 9

வாலுக்கு,

ஃபெயில்.

"ரொம்பத் தாழ்ந்திருக்கு" என்றார் சோதனைக்காரர். முதல் தடவை எதிரே வருகிறவன் கண்ணைக் குத்துகிறது, இந்தத் தடவை தரையை நக்குகிறதாம். "ஒங்க பெட்டிதான் கோணலா இருக்கும், என் கோடு நேரா இருக்கு" என்று நானும் விடவில்லை. எத்தனை வருஷமாக நேர்கோடு போடுகிறேன் நான்! அவர் அமைதியாக அடுத்து நின்ற வண்டிக்குப் பெட்டியைத் தள்ளிவிட்டார். அந்த அமைதியைத்தான் தாங்க முடியவில்லை.

இன்னும் ஒரே தடவைதான் பாக்கி. நீ சொன்னபடிதான் செய்தேன். என்ன சொல்கிறாய்?

அக்கா


ஏப்ரல் 20

அக்காவுக்கு,

மூக்குக்கு மேல் நிற்கிற கோபத்தைக் கொஞ்சம் இறக்கி வை. எங்கள் அறையில் ஒரு விளக்கு கணக்குக்கு ஒத்து வராவிட்டால் முதலில் விளக்கைச் சந்தேகப்பட மாட்டோம், அதை நிறுத்தியிருக்கிற மேடையைச் சந்தேகப்படுவோம். வீட்டில் ஒரு மாதிரியும் அங்கே ஒரு மாதிரியும் தெரிந்தால், தவளை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நிற்கவில்லை என்று அர்த்தம்.

டயரில் காற்று இரண்டு தடவையும் ஒன்றா? டாங்கில் பெட்ரோல் எவ்வளவு? கூடத்துத் தரை நிஜமாகவே சமமா, இல்லை உனக்குச் சமமாகத் தெரிகிறதா? பின்னால் பலகையில் ஏதாவது மூட்டை ஏற்றியிருந்தாயா? வண்டிக்குள் யார் யார் இருந்தார்கள்? ஒன்று விடாமல் எழுது. இவ்வளவு தாழ்ந்த வண்டியில் ஸ்பிரிங் விரற்கடை அளவு அமுங்கினாலும் வெளிச்சம் எங்கேயோ போய்விடும்.

நீ எழுதிய அந்தப் பலகைக் கதையைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலை ஓடவில்லை. உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் கொஞ்சம் வளர்ந்து, நீ பலகைக்குப் பெரியவளாகிப் போன பிறகு, அந்தப் பலகை எனக்கு வந்தது. நீ வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாய். நான் பின்கண்ணாடி வழியாக உனக்கு நாக்கைத் துருத்திக் காட்டுவேன். அப்போதே எனக்குச் சந்தோஷமாக இல்லை. இரண்டு பேருக்கு மட்டும் இடம் வைத்து எவனோ ஒருவன் வண்டி செய்திருக்கிறானே என்று அழுகையாக வரும்.

அம்மா சொல்லியிருப்பாள், எனக்கு ஜூலையில் நீண்ட விடுமுறை. போன வருடமும் இருந்தது. எங்கேயும் போகவில்லை.

வாலு


மே 4

வாலுக்கு,

பெரிய இடத்தில் வேலை பார்க்கிறாய் என்பதற்காக என்னைக் குறுக்கு விசாரணை செய்கிறாய். பதில் சொல்கிறேன், எழுதிக்கொள்.

காற்று அதே அளவு, கடைக்காரன் அளவுகோலை என் கண் முன்னால் வைத்துப் பார்த்தான். பெட்ரோல் பாதி டாங்க், இரண்டு தடவையும். தரைக்கு ரசமட்டம் வைத்துப் பார்க்கக் கொத்தனாரைக் கூட்டி வந்தேன். அவர் சிரித்துவிட்டு, "ஒங்க தரை ஒங்கள மாதிரியேம்மா, வளைஞ்சே குடுக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். பலகையில் ஒரு கைக்குட்டைகூட இல்லை.

வண்டிக்குள் யாரும் இல்லை. என் இருக்கையில் துணி பேல். பக்கத்து இருக்கையில் அம்மா, அவ்வளவுதான்.

மறுபடியும் திரைத்துணி மாட்டிப் பார்த்தேன். வெளிச்சம் கோட்டில் கச்சிதமாக நிற்கிறது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் பார்த்தேன். அப்படியே நிற்கிறது. அம்மா பட்டாணி உரித்துக்கொண்டே, "நல்லாத்தானேடி இருக்கு, அந்த ஆளுக்குத்தான் கண்ணாடி மாத்தணும்" என்கிறாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. மேலதிகாரியிடம் எழுதிக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன்.

ஜூலை பற்றி அம்மா சொன்னாள். பார்க்கலாம்.

அக்கா


மே 13

அக்கா, அக்கா, என் அருமை அக்கா,

சோதனை அறையில் யாரும் சத்தம் போடக் கூடாது. உன் கடிதத்தை அங்கே வைத்துப் படித்துவிட்டேன். நான் சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்து மேலாளர் ஓடி வந்தார். என்னவென்று கேட்டதற்கு, "எங்க அம்மா காருக்குள்ள பட்டாணி உரிக்கிறாங்க" என்பதை எந்த மொழியில் விளக்குவது?

"யாரும் இல்லை, அம்மா அவ்வளவுதான்." அம்மாவை எப்போதிலிருந்து நீ ஆள் கணக்கில் சேர்க்காமல் விட்டாய்?

தவளையில் இருக்கைகள் எங்கே இருக்கின்றன என்று யோசித்துப் பார். ஏறக்குறையப் பின் சக்கரத்தின் மேல். நம் அம்மா ஒன்றும் இறகு கிடையாது. அவள் உட்கார்ந்ததும் பின்பக்கம் அமுங்குகிறது, மூக்கு மேலே எழும்புகிறது, விளக்கும் கூடவே அண்ணாந்து பார்க்கிறது. நீ திருகைத் திருப்பி அதைக் கோட்டுக்குக் கொண்டு வருகிறாய். அப்புறம் சோதனைக்குத் தனியாக ஓட்டிப் போகிறாய். அம்மா இல்லை, மூக்கு இறங்கிவிட்டது, வெளிச்சம் தரையில். பாவம் அந்த மனுஷர், அவர் பெட்டி சரியாகத்தான் இருக்கிறது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வரை உன் கோடும் சரியாகத்தான் இருக்கும்.

வைத்தியம் சுலபம். அம்மாவை இறக்கிவிட்டு விளக்கைத் திருப்பு. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு தேறிவிடும்.

சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது நிற்க வெகுநேரமானது. உங்கள் இரண்டு பேரையும் அந்தக் கூடத்தில் அப்படியே பார்த்த மாதிரி இருந்தது.

வாலு


மே 27

வாலுக்கு,

சுலபம் என்று எழுதிவிட்டாய். நீ வந்து இறக்கிப் பார்.

உன் கடிதம் வந்த அன்றே திரைத்துணி மாட்டினேன். நான் பேல் அடுக்கி முடிப்பதற்குள் அம்மா பட்டாணிக் கிண்ணத்தோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஏறுவது என்று சொல்லக் கூடாது, அந்த வண்டிக்குள் இறங்க வேண்டும். முட்டி வலி என்று மாடிப்படி ஏற ஆயிரம் சாக்குச் சொல்கிறவள், அதற்குள் மட்டும் எப்படித்தான் இறங்கிக்கொள்கிறாளோ.

"அம்மா, கொஞ்சம் எழுந்திரு. நீ உக்காந்தா விளக்குத் தப்பாப் போகுது" என்றேன்.

"நான் உக்காராட்டாத்தான் தப்பாப் போகும்" என்றாள்.

"யாரு சொன்னது?"

"ஒங்க அப்பா."

நான் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டேன். அம்மா சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"கல்யாணமான புதுசுல இரும்புக் கடையிலேருந்து மூஞ்சி நசுங்கிப் போன வண்டியக் கொண்டாந்து நிறுத்தினார். ஒவ்வொண்ணா நிமித்தி, விளக்கை வச்சார். திருப்புறப்போ, 'நீ வந்து உக்காரு'ன்னார். நான் எதுக்குன்னேன். 'நீ எறங்கினா வெளிச்சம் தரையில விழுந்துடுது, நீ பக்கத்துல இருந்தாத்தான் ரோடு தெரியுது'ன்னார். அதுலேருந்து எப்போ விளக்கத் தொட்டாலும் என்னைக் கூப்பிடுவார். அடுப்புல எது இருந்தாலும் அணைச்சிட்டு வந்து உக்காருவேன். வேற எதுவும் வாயத் திறந்து சொல்ற ஆளா ஒங்க அப்பா? அது ஒண்ணுதான் சொன்னார்."

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியவில்லை. நீ எழுதியதை அப்படியே ஒப்பித்துவிட்டேன். பின்பக்கம் அமுங்குவது, மூக்கு எழும்புவது, எல்லாம்.

அம்மா கையிலிருந்த பட்டாணியைக் கிண்ணத்தில் போட்டாள். பிறகு, "அப்போ அது ஸ்பிரிங்கா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"இத்தனை வருஷமா நான் அதைக் கொஞ்சல்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனே" என்றாள். சிரித்தாள்தான். ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்திருந்தால் நீயும் தலையைக் குனிந்திருப்பாய். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு இறங்கவும் இல்லை, உரிக்கவும் இல்லை. நான் விளக்கை அணைத்துவிட்டுத் துணியைச் சுருட்டினேன்.

அதற்கப்புறம் மூன்று மாலை அவள் கூடத்துப் பக்கமே வரவில்லை. நானும் திருகைத் தொடவில்லை. அவள் வராத இடத்தில் அவளை இறக்கிவிட்டுத் திருப்புவதற்கு எனக்குக் கை வரவில்லை. சோதனைக்குக் கெடு ஜூன் கடைசி. நான் என்ன செய்யட்டும்? விளக்கைப் பற்றிக் கேட்கவில்லை. அம்மாவிடம் என்ன சொல்ல?

அக்கா


ஜூன் 6

அக்காவுக்கு,

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டு. நான் போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன்.

அம்மா, ஸ்பிரிங்தான். அப்பா சொன்னது கண்ணால் பார்த்த உண்மை, அதில் கொஞ்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் நீ ஒன்றை யோசிக்கவில்லை. அக்காவும் யோசிக்கவில்லை, அவள் நேர்கோடு போடுவதோடு சரி.

அப்பா தினமும் யாரோடு போனார்? விடிவதற்கு முன்னால், முதல் பஸ்ஸை எடுக்க, டிப்போவுக்குத் தனியாகப் போவார். திரும்பும்போதும் தனியாகத்தான் வருவார். நீ அந்த வண்டியில் ஏறியது மாலைச் சுற்றுக்கு மட்டும். தவளை ஓடிய தூரத்தில் முக்கால்வாசி அவர் ஒருத்தராகவே ஓட்டியது. எங்கள் அறையில் யாரைக் கேட்டாலும் என்ன சொல்வார்கள் தெரியுமா? தனியாக ஓட்டுகிறவன் தன் எடைக்குத்தான் விளக்கைத் திருப்பி வைப்பான். இரண்டு திருகு, ஐந்து நிமிட வேலை. அப்பாவுக்குத் தெரியாத வேலையா? நீ இறங்கினால் வெளிச்சம் தரையில் விழுகிறது என்று கண்டுபிடித்தவரே அவர்தானே.

தெரிந்தும் அவர் மாற்றவே இல்லை. அத்தனை வருடமும் இருட்டில் தனியாகப் போகும்போதெல்லாம் கொஞ்சம் தாழ்ந்த வெளிச்சத்திலேயே, ரோடு சரியாகத் தெரியாமல், மெதுவாகப் போயிருக்கிறார். விளக்கை உனக்காகவே வைத்திருந்தார். டிப்போவுக்கு ஏன் அவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறார் என்று நீ சண்டை போடுவாயே, ஞாபகம் இருக்கிறதா?

ஸ்பிரிங் பாட்டுக்கு அமுங்கும், எழும்பும். திருகை அங்கேயே விட்டு வைத்தது அப்பா.

இனி உனக்கு, அக்கா. சோதனைக்காக ஒரு தடவை ஒரு ஆளுக்குத் திருப்பு. எத்தனை சுற்று திருப்பினாய் என்று மனதில் வைத்துக்கொள். தேறியதும் அதே சுற்றைத் திரும்பத் திருப்பிப் பழையபடி வைத்துவிடு. ஒரு நாளைக்கு அம்மா பொறுத்துக்கொள்வாள் என்று நினைக்கிறேன்.

ஜூலைக்கு டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன். எடுக்கவில்லை. அம்மா எப்போதும் வா வா என்றுதான் சொல்கிறாள், அவள் சொல்வதைக் கணக்கில் எடுக்க முடியாது. நீ சொன்னால் எடுப்பேன். "பார்க்கலாம்" என்று எழுதாதே. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வாலு


ஜூன் 20

வாலுக்கு,

தேறிவிட்டது. இதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாய், உன் புத்தி எனக்குத் தெரியாதா.

உன் கடிதத்தை அம்மாவுக்குச் சமையலறையில் வைத்துப் படித்தேன். டிப்போ என்று வந்த இடத்தில் அடுப்பை அணைத்தாள். முடிந்ததும், "மறுபடியும் படி" என்றாள். படித்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "லூசு மனுஷன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னவாம்" என்று ஆரம்பித்து, சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் அப்பாவைத் திட்டிக்கொண்டே இருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் திட்டி நான் கேட்டதே இல்லை.

ஆனால் மறுநாள் கூடத்தில் சட்டமாக ஏறி உட்கார்ந்துகொண்டு, இப்போது இறங்கவே மாட்டேன் என்றாள். "அவரே மாத்தலை. நீ யாரு மாத்த?" கெடுவுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. கெஞ்சினேன், கத்தினேன். ஒரு நாளைக்குத்தான் என்றேன், சுற்றை எண்ணி வைத்துத் திருப்பிவிடுவேன் என்றேன். தலைகீழாக நின்றாலும் நடக்காது போலிருந்தது. கடைசியில், நான் உனக்குக்கூட எழுதாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அம்மா, எனக்கு இந்த வண்டி எதுக்கு? கடைக்கும் வீட்டுக்கும் படி எறங்கினாப் போதும். அவ வர்றப்போ தவளையிலதான் போய்க் கூட்டிட்டு வரணும்னு நெனச்சேன். நம்பர் போயிட்டா அது நடக்காதும்மா."

அம்மா கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். முட்டி வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. நான் திருப்பி முடிக்கும் வரைக்கும் சுவரோரம் நின்று, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று எனக்கே வழி சொன்னாள்.

சோதனைக்காரர் பெட்டிக்குள் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "இப்போ சரியா இருக்கு. என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். "ஒரு ஆளை எறக்கிவிட்டேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை. போன தடவை கத்தியதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அன்று மாலையே திருகைப் பழையபடி திருப்பினேன். அம்மா உட்கார்ந்திருந்தாள். சுற்றை எண்ணவே வேண்டியிருக்கவில்லை, "போதும்" என்று அவளே சொன்ன இடம் கோட்டில் சரியாக இருந்தது. ஒரு சுற்றுப் போய் வந்தோம். ரிலே போட்ட பிறகு அந்த மஞ்சள் எவ்வளவு தூரம் போகிறது தெரியுமா, வாலு! அம்மா ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இனி நம் விஷயம். அன்றைக்கு நான் உன்னைச் சொன்னது சொல்லக் கூடாத சொல். கடிதமாக இருந்திருந்தால் அடித்திருப்பேன். வாயால் சொன்னதை எதை வைத்து அடிப்பது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். வர வேண்டாம் என்று அப்பா சொன்னது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனோ என்னவோ, அப்போது எனக்கு யாரையாவது கோபித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நீ இல்லாமல் இந்த வீடு நன்றாக இல்லை. வா. டிக்கெட் எடு. "பார்க்கலாம்" என்று எழுதவில்லை, கவனித்துக்கொள்.

விமானம் பொழுது சாய்ந்த பிறகுதான் இறங்கும் என்று அம்மா சொன்னாள். அவளும் வருகிறேன் என்று குதித்தாள். வண்டியில் இரண்டு இடம்தான், போகும்போது ஒன்று காலியாக இருந்தால்தான் வரும்போது உனக்கு இடம் என்று சொல்லி உட்கார வைத்திருக்கிறேன். பெட்டியைச் சின்னதாகக் கொண்டு வா, பலகையில் பெரிய பெட்டி வைத்தால் மறுபடியும் எதிரே வருகிறவன் கண்ணைக் குத்துவோம். நீ அம்மா அளவுக்கு எடை இருக்க மாட்டாய், இப்போதிலிருந்தே நன்றாகச் சாப்பிடு.

திருகை உனக்காக மாற்றப் போவதில்லை, எனக்காகவும் மாற்றப் போவதில்லை. போகும்போது பக்கத்தில் யாரும் இல்லை, வெளிச்சம் தரையில்தான் விழும். பரவாயில்லை, சீக்கிரமே கிளம்பி மெதுவாகப் போய்க்கொள்கிறேன். வரும்போது ரோடு தெரியும்.

அக்கா